துணி காய இரண்டு மணி நேரமா? ட்ரையரின் பின்பக்கக் குழாயைப் பாருங்கள்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். சாயங்காலமானால் மழை, அதனால் எல்லாத் துணிக்கும் ட்ரையர்தான். முன்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்தது, இப்போது இரண்டு மணி நேரம் ஆகியும் ஈரமாகவே இருக்கிறது. மேல்தட்டும் தொட முடியாமல் சுடுகிறது. பில்டரை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்கிறேன். மெஷின் பழுதா?

பதில்: ட்ரையரின் பின்னாலிருந்து ஈரக்காற்றை வெளியே விடும் குழாய் அடைத்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதைப் பார்க்கும்வரை தயவுசெய்து ட்ரையரை ஓட்டாதீர்கள்.

பில்டர் எல்லாப் பிசிறையும் பிடிப்பதில்லை. நுண்ணிய பஞ்சு ஈரக்காற்றோடு தப்பிப்போய்க் குழாயின் மடிப்புகளில் ஒட்டிக்கொள்ளும். வழி குறுகக் குறுக, சூடு வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கும். காய்ந்த பஞ்சு எத்தனை சுலபமாகப் பற்றும் என்பது விளக்குக்குத் திரி போடுகிற உங்களுக்கே தெரியும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்கிலும் ட்ரையர் தீ விபத்துகளுக்கு முதல் காரணம், சுத்தம் செய்யாமல் விட்டதுதான்.

பிளக்கைக் கழற்றி, சூடு ஆறியதும் மெஷினை முன்னால் இழுங்கள். (கேஸில் ஓடுகிற ட்ரையர் என்றால் நீங்கள் நகர்த்த வேண்டாம், ஆள் கூப்பிடுங்கள்.) குழாயைக் கழற்றினால் உள்ளே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். நீளமான பிரஷ், வேக்குவம் இரண்டும் போதும். பால்கனிப் பக்கம் இருக்கும் வெளிமூடியையும் பாருங்கள். மெஷின் ஓடும்போது அதன் மடல் காற்றில் திறக்க வேண்டும். சில இடங்களில் பறவை கூடு கட்டியிருக்கும்.

உங்கள் குழாய் பிளாஸ்டிக்கோ மெல்லிய அலுமினியத் தாளோ என்றால் மாற்றிவிடுங்கள். வழவழப்பான உலோகக் குழாய், எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மெஷினைத் திரும்பத் தள்ளும்போது நசுங்கிவிடக் கூடாது.

பில்டரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வலையில் இறங்காமல் நின்றால் கண்ணுக்குத் தெரியாத படலம் அடைத்திருக்கிறது, சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் சுட்டால், அப்போது டெக்னீஷியன்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. எண்ணெய்க் குளியல் துண்டு, சமையலறைக் கரித்துணி இவற்றை ட்ரையரில் போடாதீர்கள். துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போகாது. சூடாகக் குவிந்து கிடக்கும்போது அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து மேலும் சூடேறும், மெஷின் நின்ற பிறகும் தானாகவே பற்றிக்கொள்ளலாம். தீபாவளிக் காலையில் நல்லெண்ணெய் ஊறிய துண்டுகளுக்குப் பால்கனிக் கொடிதான் சரி, இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.