ஷான் ஸ்கல்லியின் ஓவியங்களில் ஏன் இத்தனை பட்டைகள்?

1945இல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்து லண்டனில் வளர்ந்த அருவ ஓவியர் ஸ்கல்லி. 1969இல் மொராக்கோ போனபோது அங்கே கண்ட பட்டை போட்ட துணிகளும் கூடாரங்களும் அவர் மனதில் ஒட்டிக்கொண்டன. டச்சு ஓவியர் மோன்ட்ரியானிடமிருந்து கட்டங்களின் ஒழுங்கும், அமெரிக்க ஓவியர் ரோத்கோவிடமிருந்து வண்ணத்தின் உணர்ச்சியும் வந்தன.

ஆனால் பட்டை என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஓரங்களைப் பாருங்கள். எழுபதுகளில் ஒட்டு நாடா ஒட்டிக் கத்தி வெட்டியதுபோல் கோடு போட்டவர், 1981 வாக்கில் நாடாவை விட்டுவிட்டுக் கையாலேயே தீட்டத் தொடங்கினார். அகலத் தூரிகையால் ஒன்றன்மேல் ஒன்றாக வண்ணம் பூசுவார். இரண்டு பட்டைகள் சந்திக்கும் இடுக்கில் அடியில் கிடக்கும் சிவப்போ காவியோ எட்டிப்பார்க்கும். படத்துக்கு உயிர் தருவது அந்த இடுக்குதான் என்பேன். அச்சுப் பிரதியில் இது பாதிகூடத் தெரியாது.

மெக்சிகோவின் பழங்கால மதில்களில் விழுந்த வெளிச்சம்தான் ‘ஒளிச் சுவர்’ (Wall of Light) என்ற அவருடைய ஓவிய வரிசைக்கு வித்து. அயர்லாந்தின் அரன் தீவுகளில் சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்களையும் அவர் புகைப்படமாக எடுத்திருக்கிறார். அந்தக் கற்களுக்கும் அவருடைய வண்ணக் கட்டங்களுக்கும் உள்ள ஜாடை பார்த்தவுடன் தெரியும். வாய்ப்புக் கிடைத்தால் அவருடைய ஓவியங்களை நேரில் பாருங்கள்; டப்ளினின் ஹியூ லேன் கலைக்கூடத்தின் சேகரிப்பில் சில உள்ளன.