லிலிபொண்டில் 'பி', 'எஃப்' போட்டவுடன் பாடல் வரி கீழே ஓடுகிறது, பக்கமும் கூடுகிறது. எப்படிச் சரிசெய்வது? கிரெசெண்டோ கோட்டை எப்படிப் போடுவது?

லிலிபொண்ட் என்பது இசையைக் கட்டளைகளாக எழுதிக் கொடுத்தால் நோட்டாக அச்சிட்டுத் தரும் மென்பொருள். 'பி' என்றால் மெதுவாக, 'எஃப்' என்றால் சத்தமாக. கேட்டவர் பாடகர் குழாம் ஒன்றுக்குத்தான் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்கிறேன். நாலு குரல், தமிழ் வரி, பாட்டுக்குள்ளே மெதுவாக, சத்தமாக என்று சில குறிகள். அந்தக் குறிகளைப் போட்டவுடன் ஒரு லைனில் வரி ஸ்டாஃபோடு, அதாவது நோட்டு நிற்கும் ஐந்து கோடுகளோடு, ஒட்டி நிற்கிறது, அடுத்த லைனில் எட்டப் போய்விடுகிறது, கடைசி லைன் தனியாக இன்னொரு பக்கத்துக்குப் போகிறது. இதுதானே?

இதற்கு ஏற்கெனவே ஒருவர் "மியூஸ்கோருக்கு மாறுங்கள், மவுஸால் பிடித்து இழுத்து விடலாம்" என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். மியூஸ்கோர் ஆட்கள் சண்டைக்கு வரவேண்டாம். அது நல்ல மென்பொருள், அதுவும் இலவசம், எங்கள் பிள்ளைகள் சிலர் அதில்தான் பழகுகிறார்கள். ஆனால் இழுத்து விடுவதுதான் இங்கே வருத்தமே. லிலிபொண்டிலும் எண் எழுதி இழுத்து விடலாம். அப்படி இழுத்து விட்ட ஒரு பாட்டுக் கட்டு முழுவதும் என் தலையில் வந்து விழுந்தது.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு பங்குக் கோவிலில் பாடகர் குழாமைப் பார்க்கிறேன். இசையில் பட்டம் ஒன்றும் எடுத்தவன் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னம் குழாமை நடத்திய மாஸ்டர் கனடாவுக்குப் போகும்போது பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் தந்துவிட்டுப் போனார். எல்லாம் லிலிபொண்ட் கோப்புகள். வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் ஒரு பாட்டு சில கிலோபைட்தான், வட்ஸ்அப்பில் அனுப்பினால் டேட்டாவே போகாது. மாஸ்டர் நல்ல காது உள்ள மனிதர், அச்சில் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் அழகாக இருக்கும். கோப்பைத் திறந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஒவ்வொரு 'பி'க்கும் ஒவ்வொரு 'எஃப்'க்கும் முன்னால் எக்ஸ்ட்ரா ஆஃப்செட் என்று போட்டு இரண்டு எண்கள். இவ்வளவு வலப்பக்கம், இவ்வளவு மேலே என்று கையால் நகர்த்தியிருந்தார்.

எக்ஸ்ட்ரா ஆஃப்செட் என்ன செய்கிறது என்றால், மென்பொருள் பக்கம் முழுவதையும் அடுக்கி முடித்த பிறகு, அந்த ஒரு குறியை மட்டும் தூக்கி வேறிடத்தில் வைக்கிறது. பக்கத்தில் நிற்கிற வரிக்கோ நோட்டுக்கோ அது நகர்ந்தது தெரியாது. பாட்டு இனி ஒருநாளும் மாறாது என்றால் பரவாயில்லை. எங்கள் பங்கில் மாறாத பாட்டு எது?

திருநாளுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பாதர் கூப்பிட்டு, "நற்கருணைப் பாட்டை இந்தமுறை சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து பாடட்டும், சுருதியைக் கொஞ்சம் இறக்கித் தாரும்" என்றார். லிலிபொண்டில் சுருதி இறக்குவது ஒரு வரி வேலை. டிரான்ஸ்போஸ் என்று எழுதி, எதிலிருந்து எதற்கு என்று சொன்னால் முடிந்தது. நோட்டுகள் எல்லாம் ஒழுங்காக இறங்கின. நோட்டுத் தண்டுகள் சில திசை மாறின, லைன் உடையும் இடங்கள் மாறின. மாஸ்டரின் எண்கள் மட்டும் பழைய எண்களாகவே இருந்தன. பக்கத்தில் குறிகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. அந்தப் பிரதியோடு நடந்த பயிற்சியில் அல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடும் பிள்ளை ஒருத்தி என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"மாஸ்டர், இந்த 'பி' ஆருக்கு? எங்களுக்கோ, மேல நிக்கிற அக்காக்களுக்கோ?"

சரியான கேள்வி. மேல் குரலான சொப்ரானோவின் வரிக்கும் அல்டோவின் ஸ்டாஃபுக்கும் நடுவில் அது ஒருவருக்கும் சொந்தமில்லாமல் நின்றது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன், உச்சரிப்பை வைத்துப் பிடித்துக்கொள்வீர்கள்.

லிலிபொண்ட் சொல்லாமலே செய்கிற வேலை, டைனமிக்ஸ் குறிகளை, அதாவது 'பி', 'எஃப்' போன்றவற்றை, ஸ்டாஃபுக்குக் கீழே வைப்பது. வாத்தியங்களுக்கு அது சரி. பாட்டுக்குக் கீழே வரி இருக்கிறதே. குறி வரியோடு மோதக்கூடாது என்று மென்பொருள் வரியைக் கீழே தள்ளுகிறது. குறி இல்லாத லைனில் தள்ளத் தேவையில்லை. அதனால்தான் ஒரு லைனில் கிட்ட, ஒரு லைனில் எட்ட. வரியைப் பிடித்து மேலே இழுக்கப் பார்க்காதீர்கள், அது ஒரு பிழையும் செய்யவில்லை. குரல் தொடங்கும் இடத்தில் ஒரே ஒருதடவை \டைனமிக்அப் என்று எழுதுங்கள். அந்தக் குரலின் குறிகள் எல்லாம் ஸ்டாஃபுக்கு மேலே போய்விடும். அல்டோ பிள்ளையின் கேள்விக்கும் அதுதான் பதில். குறி யாருடைய ஸ்டாஃபுக்கு மேலே நிற்கிறதோ அவர்களுக்கு.

இரண்டு ஸ்டாஃபில் நாலு குரலையும் அடக்கி, வரியை நடுவில் போட்டிருக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் வேறு. மேல் ஸ்டாஃபுக்கு மேலே, ஆண்குரல்களின் பேஸ் ஸ்டாஃபுக்குக் கீழே என்று விடுங்கள். இதில் இன்னொரு தொல்லை உண்டு. சொப்ரானோவுக்கும் அல்டோவுக்கும் ஒரே இடத்தில் ஒரே 'பி' எழுதியிருந்தால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு 'பி' அச்சாகும், பார்க்கிறவன் பியானிஸ்ஸிமோ, மிக மெதுவாக, என்று நினைப்பான். அல்டோ வொய்ஸின் வித் பகுதிக்குள் டைனமிக் என்கிரேவரை ரிமூவ் செய்துவிடுங்கள். தாளில் ஒன்றுதான் வரும். பயிற்சிக்கு மிடி, அதாவது கொம்பியூட்டர் வாசித்துக் காட்டும் கோப்பு, எடுத்தால் அல்டோவின் ஏற்ற இறக்கம் அதில் அப்படியே இருக்கும், ஏனென்றால் மிடிக்கு வேலை செய்வது வேறொரு பகுதி.

மேலே போன பிறகும் குறிகள் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கி நிற்கும். உயர்ந்த நோட்டு வருகிற இடத்தில் உயரும், தாழ்ந்த இடத்தில் தாழும். இதற்கு டைனமிக் லைன் ஸ்பானர் என்கிற பொருளின் ஸ்டாஃப் பாடிங்கை 3 அல்லது 4 என்று ஓவர்ரைட் செய்யுங்கள். ஸ்டாஃபிலிருந்து குறைந்தது அவ்வளவு தூரம் என்று சொல்வதால், பெரும்பாலும் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அந்த ஒரு வரியால் மாஸ்டரின் எண்களில் பெரும்பாலானவற்றை நான் அழித்துவிட்டேன்.

சத்தம் படிப்படியாகக் கூடுவதைக் காட்டும் கிரெசெண்டோ கோட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதை \< என்று தொடங்கி \! என்று முடிக்கவேண்டும், அல்லது அடுத்து ஒரு 'எஃப்' வந்தால் அதுவே முடித்துவிடும். முடிக்க மறந்தால் ஓட்டும்போது எச்சரிக்கை வரும், அதை வாசியுங்கள். பலர் வாசிப்பதில்லை. கோடு நீளத்தில் மிகவும் கட்டையாக இருந்தால் ஹெயார்பின் என்கிற அந்தக் கோட்டின் மினிமம் லெங்த்தை 5 என்று வைத்துப் பாருங்கள், நோட்டுகள் தாமாக விலகி இடம் கொடுக்கும். அடுத்த பாரின், அதாவது அடுத்த தாளக் கட்டத்தின், முதல் நோட்டில் முடியும் கோடு பார்க்கோட்டோடு நின்றுவிடுகிறதே என்று பதற வேண்டாம், அது வேண்டுமென்றே செய்தது. விருப்பமில்லையென்றால் டூ பார்லைன் என்பதை இல்லை என்று மாற்றலாம். எங்கள் பாட்டின் கடைசி 'ஆமென்' போல நாலு அடி நீளுகிற ஒரே நோட்டுக்குள் சத்தம் ஏறி இறங்கவேண்டும் என்றால், அந்த நோட்டோடு சமாந்தரமாக அச்சில் தெரியாத வெற்றிடங்களை, எஸ் என்று தொடங்கும் ஸ்பேஸர்களை, எழுதி அவற்றில் குறிகளைத் தொங்கவிடுங்கள். புதிய பதிப்புகளில் ஆஃப்டர் என்ற கட்டளையும் இருக்கிறது. ஓர்கனுக்கு எழுதும்போது இரண்டு கைக்கும் நடுவில் குறி வரவேண்டும் என்றால் டைனமிக்ஸ் என்றே ஒரு தனிக் கொன்டெக்ஸ்ட் உண்டு.

இனிப் பக்கம். என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான பிரச்சினை. எங்களுக்கு ஒரு பாட்டு என்றால் ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கமும். கொமினிக்கேசன் கடையில் குழாம் முழுவதற்கும் பிரதி எடுக்கிற காசு யாருடைய பையிலிருந்து போகிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் அந்த மூன்றாம் பக்கம் கோபத்தைத் தரும். பெரும்பாலும் ஆட்கள் முதலில் ஸ்டாஃப் அளவில்தான் கை வைக்கிறார்கள். வழமையான அளவு 20, அதாவது ஏறக்குறைய 7 மில்லிமீற்றர். பாட்டுப் புத்தகத்துக்கு 18 போதும். அதற்குக் கீழே போனால் எங்கள் பேஸ் ஐயாமாருக்குக் கண் தெரியாது. ஆனால் அளவைத் தொட முன்னம் தமிழ் வரியைப் பாருங்கள். 'கிறிஸ்', 'ஸ்தோத்' போன்ற அசை ஒன்று ஒரு சின்ன நோட்டின் கீழே வந்தால், மென்பொருள் அந்த அசைக்கு இடம் கொடுக்க நோட்டுகளை விலக்கித்தான் ஆகவேண்டும். லைன் கூடும், பக்கம் கூடும். லிரிக் டெக்ஸ்டின் எழுத்தளவை ஒரு படி குறையுங்கள். அதோடு எழுத்துருவின் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள், நோட்டோ செரிஃப் தமிழ் என்றோ வேறு எதுவென்றோ. எழுதாவிட்டால் அந்தந்தக் கொம்பியூட்டரில் கிடைக்கிற தமிழ் எழுத்தை எடுத்துக்கொள்ளும். அகலம் மாறும், லைன் உடைவது மாறும். வீட்டில் இரண்டு பக்கமாக வந்த பாட்டு பங்கு அலுவலகக் கொம்பியூட்டரில் மூன்றானது இதனால்தான். கடைக்குக் கொடுப்பது எப்போதும் பிடிஎஃப்பாக இருக்கட்டும். பழைய பாட்டுகளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருப்பீர்கள், அதை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக அச்சாகும், யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்டவேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு பேப்பர் பகுதிக்குள் பேஜ் கவுண்ட் 2 என்று எழுதுங்கள். மிஞ்சுவது நியாயமான அளவு என்றால் அதுவே அடக்கித் தரும். அடக்க முடியாவிட்டால் எங்கே இடம் வீணாகிறது என்று காட்ட அனொடேட் ஸ்பேசிங் என்று ஒன்று இருக்கிறது, அதை இயக்கினால் ஒவ்வொரு இடைவெளியையும் எண்ணோடு கீறிக் காட்டும். சிஸ்டம்களுக்கு, அதாவது ஒன்றாக நிற்கும் ஸ்டாஃப் கூட்டங்களுக்கு, நடுவில் உள்ள தூரத்தைக் குறைப்பதா, வரிக்கும் ஸ்டாஃபுக்கும் நடுவில் உள்ளதைக் குறைப்பதா என்று அதைப் பார்த்தால் தெரியும். கையால் நகர்த்துவது எல்லாவற்றுக்கும் கடைசி, பாதர் இனிப் பாட்டை மாற்றமாட்டார் என்று உறுதியான பிறகு.

இவ்வளவும் ஏன் செய்கிறோம் என்று எனக்கே சிலவேளை தோன்றுவதுண்டு. திருநாள் அன்று சவுண்ட் சேர்விஸ்காரர் வருவார். நாங்கள் மாதக்கணக்காகப் பழகிய 'பி' வரும்போது, "சத்தம் காணாது" என்று சொல்லி மிக்ஸரில் சத்தத்தை மேலே ஏற்றுவார். 'எஃப்' வரும்போது "இரையுது" என்று இறக்குவார். அதுக்கு மேலே எக்கோ. கடைசியில் பாட்டு முழுவதும் ஒரே மட்டம். கேட்டால், "சனத்துக்குக் கேக்கோணும் அண்ணை" என்பார். சனம் என்ன, பக்கத்து ஊருக்கே கேட்கிறது. ஒருமுறை ஒரு பிரதியை அவரிடமும் கொடுத்து எங்கெங்கே மெதுவாக வரும் என்று காட்டினேன். வாங்கி மடித்து அம்பிளிஃபயர் ஆடாமல் இருக்க அடியில் வைத்தார். சம்பளம் வாங்குகிறவர் அவர், நாங்கள் சும்மா பாடுகிறவர்கள். இதை எழுதினால் உள்ளூர்க்காரர் யாராவது "எங்களைத்தானே சொல்கிறீர்" என்று வருவார்கள், வரட்டும்.

கேட்டவருக்கு ஒன்று. முழுக் கோப்பையும் போடாமல், பிரச்சினை வருகிற எட்டுப் பாரை மட்டும் வெட்டி, மேலே வெர்ஷன் எண்ணோடு கருத்துப் பெட்டியில் போடுங்கள். வெர்ஷன் 2.18 காலத்துக் கோப்பை 2.24இல் ஓட்டுகிறீர்கள் என்றால் முதலில் கன்வெர்ட் எல்வை என்ற கருவியால் மாற்றிவிட்டுப் பாருங்கள், நான் மேலே சொன்ன பெயர்களை எழுதும் முறையிலும் மாற்றம் இருந்திருக்கலாம். இரவில் எட்டு மணிக்குப் பிறகு பார்த்துப் பதில் எழுதுவேன், சனி மட்டும் பயிற்சி.