பூச்செடி வாங்குறப்ப வாயத் தொறந்து கேளுங்க

கே: எங்க சிறப்புப் பள்ளியில பசங்களுக்குத் தோட்டப் பயிற்சி ஆரம்பிச்சிருக்கோம். கைக்குக் கிடைச்சதை வாயில வைக்கிற பசங்கன்னு சொல்லித்தான் செடி கேட்டேன், நர்சரிக்காரர் அரளியும் நித்தியகல்யாணியும் கலந்து குடுத்துட்டார். – ஆசிரியை, ஈரோடு

ப: சொல்லியும் குடுத்தார்னா தப்பு முழுக்க அவருதும்மா, பில்லோட போய் மாத்திக் கேளுங்க. அரளி இன்னைக்கே வெளிய போகட்டும், இலை, பூ, வேர் எல்லாமே இதயத்துடிப்பைக் குலைக்கிற விஷம். 2024ல கேரளாவுல ஒரு பொண்ணு அரளி தின்னு இறந்துட்டாங்கன்னு சந்தேகம் வந்ததும் அங்க கோயில்களை நிர்வாகம் பண்ற திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்துல அரளியே வேணாம்னு நிறுத்திடுச்சு. நித்தியகல்யாணியும் மெல்லுற செடி இல்ல. மாநில மலராச்சேன்னு செங்காந்தளும் வாங்கிடாதீங்க, கிழங்கு வரைக்கும் விஷம். செம்பருத்தி, அகத்தி, பூசணி போதும். சங்குப்பூன்னா பூவை மட்டும், காயும் விதையும் பசங்க கைல சிக்கக்கூடாது.

கே: முதியோர் இல்லத்துல குல்கந்து போடுறோம். பூக்கடையில மிஞ்சுன ரோஜா சல்லிசா கிடைக்குது, வாங்கலாமா? – திருச்சி

ப: வேணாம். மாலைக்கு வளர்த்த பூ அது, திங்கிறதுக்குன்னு நினைச்சு மருந்து அடிச்சிருக்க மாட்டாங்க.

கே: நர்சரி ரோஜாவை நல்லா கழுவிட்டா சாப்பிடலாம்தானே? – மதுரை

ப: இதத்தான் வருஷக்கணக்கா கத்திட்டிருக்கேன். என்ன மருந்து அடிச்சாங்க, எப்ப அடிச்சாங்கன்னு எந்தத் தொட்டியிலயும் ஒரு சீட்டு கிடையாது, ஒரு ரூபா சாக்லேட்டுக்கு இருக்கிற லேபிள் இருநூறு ரூபா செடிக்கு இல்ல, நாமளும் கலரைப் பார்த்து தூக்கிட்டு வந்துடுறோம். சில பூச்சி மருந்து வேர்ல ஊத்தினா தண்டு வழியா ஏறி பூ வரைக்கும் போயிடும், கழுவினா எங்க போகும்? வாங்கினப்ப இருக்கிற பூவையும் மொட்டையும் கிள்ளிப் போடுங்க, அப்புறமும் சில மாசம் பார்க்க மட்டும்தான். அவசரம்னா மருந்தில்லாத குச்சி வாங்கி நீங்களே பதியம் போடுங்க. விதையிலயும் இதே கூத்துதான், தோட்ட தெரபி கிட்னு நான் காசு குடுத்து வாங்குன டப்பாவுல விதை பூரா ரோஸ் கலர், பூஞ்சாண மருந்து பூசுனது, டப்பாவுல அதைப் பத்தி ஒரு வரி இல்ல. பசங்க வெறுங்கையால தொடுற விதை சார் அது!

கே: ஆன்லைன்ல வாங்குன காய்ஞ்ச சங்குப்பூவுல டீ போட்டா பழுப்பாத்தான் வருது, பாக்கெட்ல பேர் தவிர ஒண்ணும் இல்ல, பணமும் திருப்பித் தரல. – காரைக்குடி

ப: ஏமாந்தது உங்க தப்பு இல்லங்க. நல்ல பூன்னா நீலமா இறங்கும், எலுமிச்சை பிழிஞ்சா ஊதாவா மாறும். பாக்கெட்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் குடுக்கிற எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் 14 இலக்கம், பேட்ச், தேதி இருக்கணும். போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க, விடாதீங்க.

கே: அப்பா பிபி மாத்திரை போடுறார். டே கேர்ல தினமும் செம்பருத்தி டீ தர்றாங்க, நல்லதுதானே? – கோவை

ப: செம்பருத்தியும் பிபியைக் குறைக்கும். டாக்டர்கிட்ட கேக்காம நாளைக்கு டம்ளரைத் தூக்க விடாதீங்க.