அந்த டைரக்டரியைத் தூக்கிப் போடாதீர்கள்

வணக்கம் ஐயா. உங்கள் கடிதமும் மகள் அனுப்பிய படங்களும் கிடைத்தன. மருத்துவம் வேண்டாம் என்கிறாள், பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் காட்டுப் பட்டர்கப் பூக்களை வைத்து அழுத்துகிறாள், பெரியப்பா முதல் அத்தை வரை சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறீர்கள். சொல்ல மாட்டேன், சரியாக வேண்டியது அவள் இல்லை.

ஒரு தாளின் ஓரத்தில் அவள் எழுதியிருப்பதைப் பாருங்கள்: “பூக்காம்பில் வரி. புல்லி இதழ் கீழ்நோக்கி மடங்கியது. அடித்தண்டு கிழங்குபோல் புடைப்பு.” புல்லி இதழ் என்பது பூவுக்கு அடியில் இருக்கும் சின்னப் பச்சை இதழ். ரனன்குலஸ் என்பது பட்டர்கப்பின் அறிவியல் பெயர், அவள் எழுதியிருப்பது அதில் பல்போசஸ் என்ற இனம். புல்லி இதழ் மடங்காமல், காம்பில் வரி இருந்து, ஓடுதண்டு தரையில் படர்ந்தால் ரெப்பன்ஸ். காம்பு வரியில்லாமல் வழுவழுவென்று இருந்தால் ஏக்ரிஸ். மூன்றுக்கும் 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர்கள் இவை. தூரத்தில் பார்த்தால் மூன்றும் ஒரே மஞ்சள்தான். பூவை மட்டும் கிள்ளி வந்தால் எந்த நிபுணரும் திணறுவார். இவள் செடியை அடியோடு தோண்டியிருக்கிறாள். அழுத்தினால் புல்லி இதழின் நிலை மாறிப்போகும் என்று தெரிந்து, பறித்த இடத்திலேயே குறிப்பெடுத்திருக்கிறாள். இதை யாரும் சொல்லித்தரவில்லை என்கிறீர்கள்!

குறையும் இருக்கிறது. ஒரு தாள் கறுத்துவிட்டது. ஈரத்தை உறிஞ்சும் தாளை முதல் சில நாள் தினமும் மாற்றியிருக்க வேண்டும். மெதுவாகக் காய்ந்தால் மஞ்சள் வெளிறும், இதழ் உதிரும். உதிர்ந்ததைச் சின்ன உறையில் போட்டு அதே தாளில் ஒட்டச் சொல்லுங்கள். முற்றிய காயும் ஒன்று வேண்டும், அதன் நுனி அலகு இனத்தைச் சொல்லிவிடும். பச்சைச் செடியின் சாறு தோலில் கொப்புளம் போடும், கையுறை அவசியம். காய்ந்தபின் அந்த நஞ்சு பெரும்பாலும் அடங்கிவிடும். பூச்சி அரிக்காமலிருக்க, காய்ந்த தாளைப் பையில் மூடி, கடும் குளிர் உறைபெட்டியில் வைத்து எடுப்பார்கள். அப்புறம் பறித்த இடம், தேதி, அந்த இடத்தின் கடல்மட்ட உயரம், சேகரித்தவர் பெயர் எல்லாம் தாளில் எழுத வேண்டும். இவை இல்லாத தாள் வெறும் காய்ந்த பூ.

இதற்கென்று வேலை இருக்கிறதா? இருக்கிறது. இப்படிக் காய்ந்த செடிகளைக் காக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். லண்டனின் கியூ தோட்டத்தில் மட்டும் சுமார் 70 லட்சம் மாதிரிகள் உள்ளன. தாள் ஒட்டுபவர், படமெடுத்துக் கணினியில் ஏற்றுபவர், தொகுப்பைப் பொறுப்பாகப் பார்க்கும் காப்பாளர், இனம் பிரிக்கும் வகைப்பாட்டியலாளர் என்று பல கைகள் அங்கே வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனங்களுக்கும் களத்தில் செடியைச் சரியாகப் பெயர் சொல்பவர் தேவை. தாவரவியலில் இளநிலை, பிறகு வகைப்பாட்டியலில் முதுநிலை என்று போக வேண்டும். பணியிடங்கள் குறைவு, சம்பளமும் மெதுவாகத்தான் ஏறும், இதை மறைக்க மாட்டேன். படிக்கும்போதே ஏதாவது ஒரு தொகுப்பில் தன்னார்வலராகத் தாள் ஒட்டியவர்களுக்கு முதலில் கதவு திறக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். விருப்பமில்லாத படிப்புக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். பாதியில் அவள் விலகினாலும் கடனுக்கு வட்டி விலகாது. பெரியப்பா மாதத் தவணையில் பங்கு போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நிற்கும்.

அடுத்த வாரம் இருவரும் வாருங்கள். மதிப்பெண் பட்டியல் வேண்டாம். கறுத்துப்போன அந்தத் தாளை எடுத்துவரச் சொல்லுங்கள், எந்த நாளில் ஈரம் தங்கியது என்று அவளே சொல்கிறாளா பார்க்கிறேன்.