பர்மாவில் ராணுவ ஆட்சிக் காலத்தில் பங்க் ராக் குழுக்கள் எப்படித் தொடங்கின?

ரங்கூனில் என் அப்பா மைக் செட் வாடகைக்கு விடுபவர். கோயில் தீமிதி, கல்யாணம், காதுகுத்து என்று நம்மவர்கள் விசேஷம் எதுவானாலும் எங்கள் வீட்டு ஹார்ன்தான் அலறும். அதை நம்பித்தான் பக்கத்துத் தெருப் பர்மியப் பையன்கள் நாலு பேர் பங்க் ராக், அதாவது வேகமும் கோபமுமாக உரக்க வாசிக்கும் ராக் இசை, வாசிக்க என்னைத் தேடி வந்தார்கள். ஆக, எனக்குத் தெரிந்தது வாசித்தவன் கதை இல்லை, வயர் இழுத்தவன் கதை.

1988இல் ராணுவம் போட்ட உத்தரவுப்படி ஐந்து பேர் கூடி நின்றாலே குற்றம். நாலு பேர் வாசித்து ஒருவர் கேட்டாலே கணக்கு தாண்டிவிடும்! ஆல்பம் போடுவதென்றால் பாட்டு வரிகளை முன்கூட்டியே தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். அனுமதி கிடைக்காது என்று தெரிந்தவர்கள் கொடுக்கவே இல்லை. அதனால் கடையில் சிடி கிடையாது, ரேடியோ கிடையாது, வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதிய சிடி கைமாறிக் கைமாறிப் போகும். அப்போது கடைகளில் ஓடிய பாதிப் பாட்டு வெளிநாட்டு மெட்டுக்குப் பர்மிய வரி போட்டதுதான். சொந்தமாக மெட்டுப் போட்டு, சொந்தக் கோபத்தைப் பாடுவதே அங்கே துணிச்சல்.

2007 ஆகஸ்ட் 15 அன்று டீசல் விலையை ஒரே நாளில் கேலனுக்கு 1,500 சாட்டிலிருந்து (சாட் என்பது பர்மியப் பணம்) 3,000 ஆக்கினார்கள். பஸ் கட்டணம் ஏறியது, அரிசி விலை ஏறியது, அடுத்த மாதம் பிக்குகள் தெருவில் இறங்கினார்கள், பிறகு துப்பாக்கிச் சூடு, ஊரடங்கு. இணையத்தையும் துண்டித்தார்கள். பேர் பெற்ற ரெபல் ரயட் என்ற பங்க் குழு உருவானது இதற்குப் பிறகுதான். எங்கள் பையன்களுக்கு அந்த விலையேற்றம் வேறு விதத்திலும் அடி. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஒத்திகை நடந்ததே ஜெனரேட்டரில். நாலு பேரும் டீக்கடைக் காசை மிச்சம் பிடித்துத்தான் டீசல் வாங்குவார்கள்.

கிடார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுகூடக் கிடையாது. கிடார் வயரை அப்பாவின் பெட்டியில் மைக் சொருகும் துளையிலேயே சொருகிவிடுவோம். மைக்குக்குப் போட்ட துளை கிடாரின் சிக்னலைத் தாங்காது. அலையின் முனை வெட்டுப்பட்டுக் கரகரவென்று கிழியும். காசு கொடுத்து, கிடார் ஓசையைக் கரகரப்பாக்கும் பெடல் வாங்கி வரவழைக்கும் அந்தச் சத்தம் எங்களுக்கு ஓசியில் கிடைத்தது. பேஸ் கிடார் கதைதான் பாவம். கோயில் ஹார்ன் பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் சரி, அடித்தொனி அதில் வரவே வராது. பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வுதான். அந்தப் பையன் உயிரைக் கொடுத்து வாசிப்பான், வெளியே கேட்பதெல்லாம் கம்பியில் விரல் படும் டக்டக் மட்டும். கடைசியில் பழைய ரேடியோகிராம் ஒன்றின் ஸ்பீக்கரைக் கழற்றி மரப்பெட்டியில் பொருத்திக் கொடுத்தோம். அப்புறம் கொஞ்சம் கேட்டது.

அப்பாவை அவர்கள் 'ஊலே' (பர்மிய மொழியில் மாமா) என்று கூப்பிடுவார்கள். அவருக்கு அந்தப் பாட்டு சுத்தமாகப் பிடிக்காது. "தம்பி, பாடுறது உங்க இஷ்டம். பெட்டி புகைஞ்சா வர்ற வெள்ளிக்கிழமை அம்மனுக்கு யார் பதில் சொல்றது?" என்பார். ஆனாலும் வாடகை வாங்க மாட்டார். ஹார்னில் எழுதியிருந்த கடைப் பேரை மட்டும் துணி சுற்றி மறைக்கச் சொல்வார். பிழைக்க வந்த ஊரில் நம்மவர்களுக்கு அந்த ஜாக்கிரதை கூடவே பிறந்தது, அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பாட்டுக்கு முன்தணிக்கை 2012இல்தான் போனது. எங்கள் தெருக் குழு அதற்குள் கலைந்திருந்தது, ஒருவன் கப்பலுக்குப் போனான், இருவர் மலேசியாவுக்கு. ரெபல் ரயட் நிலைத்தது. இரவில் தெருவில் தூங்குபவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் வேலையையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பர்மிய பங்க் கேட்க வேண்டுமென்றால் அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். பாஷை புரியாவிட்டாலும் யார் மேல் கோபம் என்பது புரிந்துவிடும்.