பதிலில் ‘நாங்கள்’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: வியாசர்பாடியில் குடியிருக்கிறேன். வயது 34. ரயில்வேயில் கூட்ஸ் வண்டி அசிஸ்டென்ட் லோகோ பைலட். தொடர்ந்து நான்கு நைட் பார்த்துவிட்டு வந்த என்னை, ரெஸ்ட் முடிவதற்குள் மறுபடி வண்டிக்குக் கூப்பிட்டார்கள். ‘ஹெட்குவார்ட்டர்ஸ் ரெஸ்ட் 16, வார ரெஸ்ட் 30, ஆக மொத்தம் 46 மணி நேரம் முடியாமல் ஏறக் கூடாது’ என்று சங்கத்தில் சொல்லியிருந்ததால் மறுத்தேன். அன்று எங்கள் லாபியில் (வண்டிக்கு ஏறும் முன் டியூட்டி பதிகிற இடம்) 30 பேருக்கு மேல் மறுத்தோம். ஆனால் எனக்கும் இன்னும் நாலு பேருக்கும்தான் எஸ்.எஃப்.5, அதாவது பெரிய தண்டனைக்கான சார்ஜ் ஷீட், வந்திருக்கிறது. அதிகாரி எல்லார் எதிரிலும் கேவலமாகப் பேசினார். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடப்பது தெரிந்தும் இரக்கம் காட்டவில்லை. ரயில் பெட்டிப் பட்டறையான கேரேஜ் ஒர்க்ஸில் இருந்து ரிடையர் ஆன அப்பா, 1974 வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர். ‘பணிந்து போகாதே’ என்கிறார். சங்கத்தில் சிலர் பதிலே கொடுக்காதே என்கிறார்கள், சிலர் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பதில் தயாரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதன் நகலை இணைத்திருக்கிறேன். தெரிந்த டாக்டர் ஒருவர் அந்தத் தேதிக்கு சர்டிஃபிகேட் தருவதாகச் சொல்கிறார். நேராகக் கோர்ட்டுக்குப் போகலாமா? சார்ஜ் ஷீட் வாங்கி ஆறு நாள் ஆகிறது.

பதில்: பதில் தர உங்களுக்கு இருப்பது 10 நாள். அதில் ஆறு போய்விட்டது. அதனால் மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அதிகாரி திட்டியது இந்த வழக்கில் எங்கும் உதவாது. ‘முப்பது பேர் செய்தார்கள், ஐந்து பேருக்கு மட்டும் ஏன்’ என்ற கேள்வியும் குற்றச்சாட்டை உடைக்காது. தண்டனை அளவைப் பற்றிப் பேசும்போது வேண்டுமானால் கொஞ்சம் கைகொடுக்கும். சார்ஜ் ஷீட் நிலையிலேயே கோர்ட்டுக்குப் போவதும் வீண். சார்ஜ் ஷீட்டை எதிர்த்து வரும் வழக்குகளை அபூர்வமான சூழலில்தான் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. 46 மணி நேரக் கணக்கு சரியா என்பது பெரிய விவாதம். நியாயம் உங்கள் பக்கம் இருப்பதாகவே நானும் நினைக்கிறேன். ஆனால் அதை நிலைநாட்ட வேண்டியது சங்கம், லேபர் கமிஷனரிடமும் தீர்ப்பாயத்திலும். உங்கள் சார்ஜ் ஷீட்டை வைத்து அதை ஜெயிக்க முடியாது.

நீங்கள் அனுப்பிய மாதிரிப் பதிலைப் படித்தேன். முதல் வரியே இப்படி இருக்கிறது: “எங்கள் சங்கத்தின் முடிவின்படி நாங்கள் அனைவரும் அன்று பணிக்கு ஏறுவதில்லை என்று தீர்மானித்தோம்.” இந்தக் கடிதத்தில் சட்டம் பார்க்கிற ஒரே வரி அதுதான்.

உங்கள் சார்ஜ் ஷீட்டை எடுத்து மறுபடி படியுங்கள். அதில் என்ன இருக்கிறது? இன்ன தேதி, இன்ன நேரத்துக்கு வந்த வண்டி அழைப்பை மறுத்தார், பணியில் அக்கறை இல்லை, 1966 நடத்தை விதி 3(1) மீறல். அவ்வளவுதான். வேலைநிறுத்தம் என்ற வார்த்தையே அதில் இல்லை. அதைச் சேர்க்க நிர்வாகத்துக்கு ஆசை இல்லாமல் இல்லை. கூட்டாகப் பேசி வைத்துச் செய்தீர்கள் என்று காட்ட அவர்களிடம் காகிதம் இல்லை. அந்தக் காகிதத்தைத்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறீர்கள்.

‘நான் களைப்பாக இருந்தேன், வண்டி ஓட்டும் நிலையில் இல்லை’ என்றால் அது ஓய்வு பற்றிய தகராறு. பாதுகாப்புப் பணியில் இருப்பவர் களைப்பை மறைத்து ஏறுவதைவிடச் சொல்லிவிட்டு நிற்பது மேல் என்று வாதாட இடம் இருக்கிறது. ‘நாங்கள் தீர்மானித்தோம்’ என்றால் அது நோட்டீஸ் இல்லாத வேலைநிறுத்தம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, எத்தனை பேராக இருந்தாலும் ஒரு பொதுவான உடன்பாட்டின் பேரில் வேலையை மறுத்தால் அது வேலைநிறுத்தம்தான். அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சட்டவிரோதமான வேலைநிறுத்தத்துக்கு அபராதம், ஒரு மாதம் வரை சிறை. பத்துப் பேரும் அதற்கு மேலும் பேசி வைத்துக்கொண்டு வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். இத்தனைக்கும் கதவைத் திறப்பது ‘நாங்கள்’ என்ற ஒரு சொல்.

பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதாதீர்கள் என்கிறேன். விசாரணையில் நேரடியாகக் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குரூப்பில் ஏதாவது வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால் அதை அழித்துக்கொண்டு உட்காராதீர்கள், முப்பது பேர் போனில் அது இருக்கும். துறை விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் கறார் எல்லாம் கிடையாது. ஸ்கிரீன்ஷாட்டே போதும் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்று இருந்தால் பதில் எழுதுவதற்கு முன் எனக்கோ வேறு வக்கீலுக்கோ சொல்லிவிடுங்கள்.

அடுத்தது அந்த டாக்டர் சர்டிஃபிகேட். வேண்டவே வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு ரயில் கார்டு என்னிடம் வந்தார். அவர் மீது இருந்தது சாதாரணக் கேஸ், ஒரு நாள் வராதது. இங்க்ரிமென்ட் நிறுத்தத்தோடு போயிருக்கும். அவர் பக்கத்துத் தெரு கிளினிக்கில் சர்டிஃபிகேட் வாங்கிச் சேர்த்துவிட்டார். நிர்வாகம் அந்த கிளினிக்கின் ரெஜிஸ்டரைக் கேட்டு எழுதியது. அந்தத் தேதியில் அவர் பெயரே இல்லை. பழைய சார்ஜ் ஷீட்டை வாபஸ் வாங்கிவிட்டுப் புதிதாகக் கொடுத்தார்கள், ஒருநாள் லீவுக்காக இல்லை, நேர்மையின்மைக்காக. அதில் வேலை போயிற்று. உங்களுக்கு உண்மையிலேயே உடம்பு முடியாமல் இருந்திருந்தால் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அன்று அங்கே போகாதவர் இன்று வேறு டாக்டரைக் காட்டினால் யார் நம்புவார்கள்?

‘பதிலே கொடுக்காதே, விசாரணைக்குப் போகாதே’ என்பவர்கள் உங்கள் இடத்தில் வந்து நிற்கப் போவதில்லை. நீங்கள் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டியாக, நீங்கள் இல்லாமலே, முடித்துவிடுவார்கள். நான் அதிகம் பார்த்தது இதைத்தான். உத்தரவு வந்த பிறகு அப்பீலுக்கு 45 நாள். அதை விட்டுவிட்டு, கோட்ட மேலாளர் டி.ஆர்.எம்.முக்கு ஒரு மனு, பொது மேலாளர் ஜி.எம்.முக்கு ஒரு மனு, ரயில்வே போர்டுக்கு ஒரு மனு என்று இரண்டு வருஷம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு வர ஒரு வருஷக் கெடு இருக்கிறது. மனு மேல் மனு போட்டதால் அந்தக் கெடு நீளாது. ஃபைல் நிறைய அக்னாலெட்ஜ்மென்ட் கார்டுகளோடு வந்து உட்காருவார்கள். நான் காபி வாங்கித் தரலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது.

அப்பா சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. 1974 மே 8-ல் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தலைமையில் தொடங்கிய அந்த வேலைநிறுத்தம் 20 நாள் நடந்தது, நாடு முழுக்க. அது அப்பாவுக்கு மட்டும் இல்லை, பெரம்பூரிலும் அயனாவரத்திலும் பல வீடுகளுக்குப் பெருமை. ஆனால் உங்கள் கேடருக்குப் பொருந்துவது 1981 லோகோ வேலைநிறுத்தம். அப்போது ஒழுங்கு விதி 14(ii)-ஐப் பயன்படுத்தி, விசாரணையே இல்லாமல் வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்த அதிகாரம் செல்லும் என்று 1985-ல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப் போனவர்களை மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லி ரெட்டப்பா வழக்கில் உத்தரவு வந்தது 1993-ல். கூடவே மூன்று வருஷச் சம்பளத்துக்குச் சமமான தொகை. நடுவில் போன வருஷங்கள் பன்னிரண்டு. உங்கள் அப்பாவின் டயாலிசிஸ் எந்த மெடிக்கல் கார்டில் நடக்கிறது, உங்கள் சம்பளத்தில் வீட்டுக்கு என்ன போகிறது என்று நான் கேட்க வேண்டியதில்லை.

சரி, என்ன செய்வது? சமாதானமாகப் போங்கள். அதற்கான வாசல் இந்தப் பத்து நாளில்தான் அகலமாகத் திறந்திருக்கிறது. 1968 ஒழுங்கு விதி 9-ன்படி, உங்கள் பதிலைப் பார்த்த பிறகு ‘பெரிய தண்டனை தேவையில்லை’ என்று தோன்றினால் அதிகாரி எஸ்.எஃப்.5-ஐக் கைவிட்டு, காரணம் எழுதி, சிறிய தண்டனையோடு அங்கேயே முடிக்கலாம். விசாரணை அதிகாரி, சாட்சி, வருஷக்கணக்கான இழுபறி எதுவும் இல்லை. கண்டிப்போ, பின்விளைவு இல்லாமல் சில மாதம் இங்க்ரிமென்ட் நிறுத்தமோ வரும். விசாரணை தொடங்கிவிட்டால் யாருக்கும் இறங்கி வர மனசு வராது. பிரமோஷன் வந்தாலும் அது முடியும் வரை உங்கள் கைக்கு வராது.

அதனால் பதிலை நீங்களே எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ‘நான்’ மட்டும்தான் அதில் வர வேண்டும். முந்தைய நான்கு டியூட்டிகளின் சைன் ஆன், சைன் ஆஃப் நேரங்கள், அடுத்த அழைப்புக்கு இடையில் கிடைத்த மணி நேரம். அதற்கு ஆதாரமாக க்ரூ மேனேஜ்மென்ட் சிஸ்டம் (டியூட்டி நேரங்கள் பதிவாகும் கம்ப்யூட்டர் கணக்கு) பிரின்ட் அவுட்டைக் கேளுங்கள். களைப்பினால் ஏறும் நிலையில் இல்லை என்று அன்றே லாபியில் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் யாரிடம் என்று குறிப்பிடுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வண்டி தாமதமானதற்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி. 46 மணி நேரம் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். சங்கம் உதவ நினைத்தால், அந்த மாதிரிக் கடிதத்தை விட்டுவிட்டு, சங்கக் கிளைச் செயலாளர், கோட்டத்தில் உங்கள் துறைக்குத் தலைமை அதிகாரியான பிராஞ்ச் ஆபீசரை நேரில் பார்த்து ஐந்து பேருக்கும் சிறிய தண்டனையோடு முடிக்கச் சொல்லிப் பேசட்டும். இதற்குத்தான் அங்கீகாரம் பெற்ற சங்கம் என்று ஒன்று இருக்கிறது.

பிரின்ட் அவுட் நாலு நாளில் கையில் வராது. அதற்காகப் பதிலைத் தள்ளாதீர்கள். ஆவணம் கேட்டு, கூடுதல் அவகாசம் கேட்டு இன்றே ஒரு கடிதம் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம் நாள் மாலைக்குள் அவகாசம் எழுத்தில் வரவில்லை என்றால், கையில் இருக்கும் நேரங்களை வைத்தே பதிலைக் கொடுத்துவிடுங்கள்.