வாகனம் – கேள்வி பதில்: டைமிங் செயினில் கை வைக்கும் முன்

கேள்வி (ஏற்காடு வாசகர்): பெட்ரோல் கார், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பெல்ட் பக்கம் ஐந்தாறு விநாடி ‘கரகர’வென்று சத்தம் கேட்டு அடங்கிவிடுகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் போதும் என்கிறார்களே?

பதில்: ஊற்றாதீர்கள். சத்தம் டைமிங் செயினாக இருக்கலாம்; பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் செயின் அது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. இரவில் அதிலிருந்து ஆயில் இறங்கிவிட்டால், காலையில் மறுபடி நிறையும்வரை செயின் தொய்ந்து கைடில் (செயின் உரசி ஓடும் பட்டையில்) அடிக்கும். மலைக் குளிரில் கெட்டி ஆயில் டென்ஷனரின் சின்னத் துளைக்குள் போய்ச் சேர இன்னும் நேரமாகும், சத்தம் நீளும்.

முதலில் சமதளத்தில் நிறுத்தி டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைந்த வண்டியை ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஏற்றினால் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கலாம். கையேடு சொல்லும் கிரேடில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகும் சத்தம் வந்தால், செயின், டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) எல்லாவற்றையும் செட்டாக மாற்றுங்கள். கண்ணிகளின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்துதான் செயின் நீள்கிறது. டென்ஷனரை மட்டும் புதிதாகப் போட்டால் அந்த நீளத்துக்கு அதன் தண்டு கடைசிவரை வெளியே வந்து நின்றுவிடும். பிறகு இறுக்க இடமிருக்காது.

கேள்வி (சேலம் செவ்வாய்ப்பேட்டை, பட்டறையில் வேலை பழகுபவர்): செயினைக் கழற்றிப் பூட்டும்போது டைமிங் தவறாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தம்பி, இன்ஜின் ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். செயின் பக்கம் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டை எடுக்க வேண்டியிருந்தால் ஜாக்கிக்கும் ஆயில் சேம்பருக்கும் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) நடுவே தடித்த மரக்கட்டை வையுங்கள். ஜாக்கியை நேராகக் கொடுத்தால் அலுமினிய சேம்பர் விரிசல் விடும். தகர சேம்பர் நசுங்கி ஆயில் உறிஞ்சும் வாயை அடைக்கும்.

ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டால் கிராங்க் இலகுவாகச் சுற்றும். ஓடும் திசையிலேயே சுற்றி, முதல் பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். அந்த சிலிண்டரின் கேம் மூக்குகள் எந்த வால்வையும் அழுத்தாமல் இருந்தால்தான் அது கம்ப்ரஷன் உச்சி. (சில இன்ஜின்களுக்குக் கையேடு வேறு நிலை சொல்லும், அதையே பின்பற்றுங்கள்.) மார்க்குகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராங்க் புல்லி போல்ட்டைத் தளர்த்த, புல்லியைப் பிடிக்கும் கருவி வேண்டும். டைமிங் லாக் பின் அந்தப் பலத்தைத் தாங்காது, ஒடிந்துவிடும். கவரை எடுத்ததும் டென்ஷனர் தண்டை மெதுவாக உள்ளே தள்ளி, துளையில் கம்பி செருகிப் பூட்டிவிட்டுக் கழற்றுங்கள். செயின் இறங்கிய பின் கேமையோ கிராங்கையோ தனியாகச் சுற்றவே கூடாது. பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

பூட்டும்போது புதுச் செயினின் நிறக் கண்ணிகள் ஸ்ப்ராக்கெட் மார்க்குகளுக்கு நேராக உட்கார வேண்டும். பல் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். மார்க் பொருந்தியதுபோலவே தெரியும், ஆனால் அசையாத கைடு இருக்கும் பக்கம் தொய்வு ஒளிந்திருக்கும். அந்தப் பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருக்க வேண்டும், தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். கிராங்கில் 18 பல் என்றால் ஒரு பல் தவறினாலே 20 டிகிரி போச்சு.

டென்ஷனர் கம்பியை உருவியதும் கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று வந்தால்தான் கேம் ஒரு சுற்று வரும். நடுவில் ‘டக்’கென்று தட்டி நின்றால் பலம் கொடுக்காதீர்கள், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. சுற்றி முடித்த பின் ஸ்ப்ராக்கெட் மார்க் பொருந்தினால் சரி. நிறக் கண்ணிகள் நகர்ந்துதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி கழற்ற வேண்டாம்.

கவரின் பழைய சிலிகானை பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, 3–4 மி.மீ. கோடாகப் புதிது போடுங்கள். அதிகம் போட்டால் பிதுங்கிச் சேம்பரில் விழுந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். கிராங்க் ஆயில் சீல் புதிது. டிகிரி கணக்கில் இறுக்கும் போல்ட்டுக்குக் கையேடு புதிது கேட்டால் அதுவும் புதிது.

கேள்வி (அஸ்தம்பட்டி வாசகி): செயின் மாற்றியதிலிருந்து ஐடிலில் வண்டி நடுங்குகிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0016 கோடு வருகிறது. ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள் அம்மா. கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்லும் நிலை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதே அந்தக் கோடு. வேலை முடிந்த கையோடு வந்தால் முதல் சந்தேகம் ஒரு பல் தவறியதுதான். விவிடி சோலினாய்டில் (கேம் டைமிங்கை மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் மின் வால்வு) அழுக்கு அடைத்தாலும் இதே கோடு வரும். ஆகவே முதலில் வால்வு கவரைத் திறந்து, உச்சி நிலையில் கேம் மார்க்கை உங்கள் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். மார்க் சரியாக இருந்தால் பிறகு சோலினாய்டு, ஒயரிங். கோடை மட்டும் அழித்துக் கொடுத்தால் வாங்கிவராதீர்கள். பட்டறைக்கும் கட்டி இழுத்தே கொண்டுபோங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.